உருமாறும் லாரி: பழைய பொம்மையும் புதிய வார்ப்பும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஆளாளுக்கு ஒரு தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். சூரிய சக்தி, செயற்கை நுண்ணறிவு, மின்சார வாகனம் என்று போனது பட்டியல். நான் பொம்மையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். படித்துவிட்டு, இயந்திரவியல் பாடத்தில் லிங்க், ஜாயின்ட் என்று வரும் பக்கங்களை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். அப்புறம் சிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

தேர்க்கடையில் வாங்கிய லாரி

மயிலம் பங்குனி உத்திரத் திருவிழாவுக்குப் போனபோது என் தங்கை ஒரு பொம்மைக்கு அடம் பிடித்தாள். சிவப்பு கேபின் வைத்த லாரி. மடக்கி நிமிர்த்தினால் மனிதன் மாதிரி நிற்கும். பேரம் பேசி 150 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டாம் நாள் தோள்பட்டை கையோடு வந்துவிட்டது. அழுகையோ அழுகை.

உடைந்த இடத்தைப் பார்த்தேன். ஊசி நுழையும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் வெள்ளையாக வெளுத்திருந்தது. துளையைச் சுற்றிய சுவர் காகிதம் மாதிரி மெல்லிசு. கை வந்து சேரும் மூலை கத்தி வெட்டியதுபோல் கூர்மை. அங்கே ஒரு சின்ன வளைவு, அதுதான் நாம் ஃபில்லெட் என்று படிக்கிறோமே, அது இல்லை. கூர்மையான மூலையில் தகைவு குவியும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அது என் தங்கையை அழவைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வெட்டி ஊசியாகப் போட்டு, சுற்றிலும் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் லாரி டிரைவர். "பொம்மை ரிப்பேர் பண்ணவா உன்னை டிப்ளமோ சேத்தேன்?" என்றார். அப்புறம் கையில் வாங்கி மடக்கி லாரியாக்கி, தரையில் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை, இழுபட்டது. "சக்கரமே சுத்தல. சுத்தாத வண்டி என்னடா வண்டி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பா கேட்டது எனக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தப் பொம்மையின் மூலம் எது? அதில் சக்கரம் சுற்றுமா? இப்போது புதிதாகச் செய்வதில் எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள்? தேட ஆரம்பித்தேன்.

மூலத்தின் கதை

ஜப்பானில் டகாரா என்ற கம்பெனி 1980-ல் டயாக்ளோன் என்ற பொம்மை வரிசையைத் தொடங்கியது. அதில் 1983-ல் வந்தது 'பேட்டில் கான்வாய்' என்ற டிரெய்லர் லாரி. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இந்த மாதிரி ஜப்பானியப் பொம்மைகளை உரிமம் வாங்கி, 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற புதுப் பெயரில் விற்றது. அந்த லாரிக்கு 'ஆப்டிமஸ் பிரைம்' என்று பெயர் வைத்தவர் மார்வெல் காமிக்ஸில் இருந்த டென்னிஸ் ஓ'நீல். ஜப்பானில் இன்றும் அதற்குக் கான்வாய் என்றே பெயர். 1986-ல் வந்த கார்ட்டூன் திரைப்படத்தில் இந்தப் பாத்திரத்தைச் சாகடித்துவிட்டார்கள். பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். 1987-ல் தொடரில் திரும்ப உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று.

1984 லாரிக்கு மூக்கு கிடையாது. எஞ்சின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும். 2007-ல் வந்த திரைப்படத்தில் அதை நீள மூக்கு வைத்த பீட்டர்பில்ட் லாரியாக மாற்றிவிட்டார்கள். நம் திண்டிவனம் ரோட்டில் விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். தட்டை முகத்து லாரிகள்தான் வரிசையாக வரும். ஆகவே அமெரிக்கப் பிள்ளைக்கு அந்தப் பழைய பொம்மை பழங்கால லாரி. நமக்கு அது வாசலில் நிற்கும் லாரி.

திண்டிவனத்துக் கண்ணாடி அலமாரி

திண்டிவனத்தில் என் நண்பனின் சித்தப்பா இருக்கிறார். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இரண்டும் இருந்தன: பழைய அச்சிலேயே மறுபடி வார்த்த மூலப் பொம்மை ஒன்று, 2011-ல் வந்த 'மாஸ்டர்பீஸ்' மறுஆக்கம் ஒன்று. பின்னதை எம்.பி.10 என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். பொங்கல் லீவில் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் போனேன். "உடைச்சிடாதப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

மாஸ்டர்பீஸ் வரிசை 2003-ல், இருபதாம் ஆண்டை ஒட்டி ஆரம்பித்தது. முதல் பொம்மை ஓர் அடி உயரம், நிறைய உலோகம், நல்ல கனம். ஆனால் டிரெய்லர் கிடையாது. அதை அமெரிக்காவில் விற்றபோது குழந்தைப் பாதுகாப்புக்காகப் புகைக்குழாய்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். அதன் பிறகு வந்த எம்.பி.10 சுமார் 24 செ.மீ. உயரம், டிரெய்லரும் உண்டு. 2019-ல் எம்.பி.44 வந்தது. 2024-ல் நாற்பதாம் ஆண்டுக்கு 'மிஸ்ஸிங் லிங்க்' என்று ஒன்று வந்தது. அது வேறு மாதிரி யோசனை: பார்த்தால் 1984 பொம்மையே, உள்ளே மட்டும் இன்றைய மூட்டுகள்.

ஐந்து சோதனைகள்

பொம்மையை எப்படி மதிப்பிடுவது? 'சூப்பர்', 'சுமார்' என்று சொன்னால் அது மதிப்பீடு ஆகாது. நான் ஐந்து கேள்வி வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் 20 மார்க்.

ஒன்று: லாரியாக இருக்கும்போது லாரிதானா? அப்பாவின் கேள்வி. இரண்டிலும் சக்கரம் சுற்றுகிறது. பழையதில் டயர் ரப்பர். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் மடங்கிய கை தெரியும். புதியதில் கேபின் நன்றாக மூடிக்கொள்கிறது. யாராவது சொன்னால்தான் உள்ளே ஆள் இருப்பது தெரியும். பழையது 15, புதியது 18.

இரண்டு: மனிதனாக நிற்கும்போது மனிதனா? பழையது காவல் தெய்வம் மாதிரி விறைத்து நிற்கும். கை கொஞ்சம் அசையும், நடக்கிற மாதிரி நிறுத்த முடியாது. கை முஷ்டி தனியாகக் கழற்றி மாட்டுவது. முதலில் தொலைவது அதுதான். புதியதில் இடுப்பு, முழங்கால், முழங்கை எல்லாம் மடங்கும். முஷ்டி முன்கைக்குள்ளேயே மடிந்து ஒளிந்துகொள்கிறது. பழையது 8, புதியது 19.

மூன்று: மாற்றும் வழி நேர்மையானதா? நான் நிறைய யோசித்தது இதைப் பற்றித்தான். பழையதில் லாரியின் முன் ஜன்னல்தான் மனிதனின் மார்பு. லாரியின் பின்பக்கம்தான் கால். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வேலை. சும்மா இருக்கிற பாகம் இல்லை. பார்த்தவுடனே 'அட, இது இதுதானா!' என்று புரியும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 40 விநாடி. புதியதை மாற்ற முதல் தடவை 11 நிமிடம் ஆயிற்று, படம் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டே. அழகாக இருக்கிறது, ஆனால் சில தகடுகள் வேறு தகடுகளை மறைப்பதற்காகவே மடங்குகின்றன. பழையது 17, புதியது 14.

நான்கு: பிடிப்பு. ஒரு மூட்டைக் கூட்டினால் ஓர் அசைவு கூடும், கூடவே ஒரு தளர்வும் கூடும். இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. ஒரு வரிசையில் 5 தகடுகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. பிழை. எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் கடைசித் தகட்டில் 0.5 மி.மீ. இடைவெளி. அந்த லாரியின் கதவு மூடாது. ஆகவே பாகம் கூடக்கூட டாலரன்ஸ் இறுக வேண்டும். புதியதில் இத்தனை பாகம் இருந்தும் கதவு மூடுகிறது என்றால், அச்சு செய்தவர் கையை வணங்க வேண்டும். பழையதில் டை காஸ்டிங் உலோகப் பாகங்கள் இருப்பதால் கனமாக, உறுதியாக நிற்கிறது. பழையது 15, புதியது 16.

ஐந்து: குழந்தை கையில் தாங்குமா? பழையது பிள்ளைகள் விளையாடச் செய்தது. புதியது பெரியவர்கள் அலமாரியில் வைக்கச் செய்தது. விலையும் அப்படி, நம் வீட்டில் வாங்கித் தரமாட்டார்கள். என் தங்கை 11 நிமிடம் காத்திருக்கவும் மாட்டாள். பழையது 18, புதியது 10.

கூட்டினால் பழையதுக்கு 73, புதியதுக்கு 77. மொத்தத்தில் புதியது ஜெயித்தது. ஆனால் கேள்வித்தாளை என் தங்கை தயாரித்திருந்தால் ஐந்தாவது கேள்விக்கே 100 மார்க், புதியது ஃபெயில். மதிப்பெண் போடும்போது யாருக்காக என்று முதலில் கேட்க வேண்டும். நல்ல மறுஆக்கம் என்றால் மூட்டு எத்தனை என்பதில்லை. பழையதில் எதை எடுத்துவிட்டால் அது அதுவாக இருக்காதோ, அதை விடாமல் வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துவதுதான் மறுஆக்கம். இந்தப் பொம்மைக்கு அது 'ஜன்னலே மார்பு' என்கிற ஒரே யோசனை. நான் கையில் எடுத்துப் பார்த்த மறுஆக்கமும் அதைத் தொடாமல்தான் திருத்தியிருக்கிறது.

தேர்க்கடைப் பொம்மை ஏன் உடைந்தது?

இப்போது என் 150 ரூபாய்க்கு வருகிறேன். பவுண்டரியில் பேட்டர்ன் அலவன்ஸ் படித்திருக்கிறோம். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் மரப் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் சுமார் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். மூட்டுகளுக்குப் போடும் பி.ஓ.எம். சுமார் 2 சதவீதம் சுருங்கும். அசல் பொம்மையை அளந்து அதே அளவில் அச்சு வெட்டினால், வார்க்கும்போது அது இன்னொரு தடவை சுருங்கும். எல்லாப் பாகமும் ஒரே மாதிரி சுருங்கினால்கூடப் பரவாயில்லை. வேறு வேறு பிளாஸ்டிக் வேறு வேறு அளவில் சுருங்கும். உலோக ஊசி சுருங்கவே சுருங்காது. 60 மி.மீ. ஏ.பி.எஸ். தகடு 0.5 சதவீதம் சுருங்கினால் 0.3 மி.மீ. குறைவு. பிடிக்க வேண்டிய பல் பிடிக்காது. ஏற்கனவே இறுக்கமான ஊசித் துளை இன்னும் இறுகும். பிள்ளை வேகமாகத் திருப்பும். மெல்லிசுச் சுவர், கூர்மையான மூலை, இறுகிய ஊசி மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் நாள் உடையாமல் என்ன செய்யும்?

பார்த்துச் செய்வது தப்பில்லை. வெளியே தெரியும் உருவத்தை மட்டும் பார்த்தால், உள்ளே ஒளிந்திருக்கும் கணக்கு கைக்கு வராது. அதுதான் தப்பு.

ஒரு வார்த்தை கூடவே: 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தம்பி தங்கைக்கு வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். நான் பார்க்கவில்லை.

நமக்கும் இதற்கும் என்ன?

நண்பர்களே, பொம்மைத் தொழில் ஏதோ ஜப்பானில் நடக்கிற விஷயம் இல்லை. எம்.ஆர்.எஃப். குழுமமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் கம்பெனிக்கு ராணிப்பேட்டையில் தொழிற்சாலை இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறி வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு என்று போனால் வந்துவிடும். அச்சு வெட்டவும், இன்ஜெக்ஷன் மெஷினைப் பார்த்துக்கொள்ளவும், அளவு சரிபார்க்கவும் டிப்ளமோ படித்தவர்கள்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். டிப்ளமோ முடித்தால் என்ன வேலை செய்வாய் என்று அம்மா கேட்டால், இதுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. 'கம்பெனி வேலை' என்பேன். இப்போது சொல்லத் தெரியும். "தங்கச்சி பொம்மை உடைஞ்சுதே, அது உடையாத மாதிரி அச்சு வெட்டுற வேலைம்மா" என்று சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்தது.

திண்டிவனத்திலிருந்து திரும்பி வந்த அன்று ராத்திரி, அந்தத் தேர்க்கடை லாரியின் அச்சாணிகளைக் கழற்றி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஸ்போக்ஸ் கம்பியை நேராக்கிப் போட்டேன். முன் சக்கரம் இரண்டும் பின் சக்கரம் நான்கும் சுற்றின. அப்பா லோடு இறக்கிவிட்டு வந்ததும் தரையில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன். திண்ணை முனை வரைக்கும் ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுத்து, என் பக்கமே திரும்பத் தள்ளிவிட்டார்.



— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை