கிட்டார் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி: ‘ட்ரஸ் ராட்’டை எப்போது திருப்பலாம், எப்போது தொடவே கூடாது?

புது கிட்டார் வாங்கி ஆறேழு மாதம்தான் ஆகிறது. கம்பியை அழுத்தினால் விரல் நுனி எரிகிறது. சில இடங்களில் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு இரைச்சல் வேறு. யூடியூபில் தேடினால், “ட்ரஸ் ராட்டை கொஞ்சம் டைட் பண்ணுங்க ப்ரோ, சரியாகிடும்” என்று ஒரு வீடியோ வந்து நிற்கிறது. ஆலன் கீயைக் கையில் எடுப்பதற்கு முன்பு, அது எதைத் திருப்புகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தப்பாகத் திருப்பி உள்ளே கம்பி உடைந்துபோனால், அதைச் சரிசெய்யும் செலவு பல நேரங்களில் கிட்டாரின் விலையைவிட அதிகம்.

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரைச் சரியான சுருதிக்கு ட்யூன் செய்தால், ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். ஒரு பெரிய ஆள் ராத்திரி பகலாக அந்தக் கழுத்தில் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். மரம் எத்தனை நாள்தான் தாங்கும்? மெல்ல முன்பக்கமாக வளையும். அந்த இழுப்புக்கு எதிராக நெக்கின் உள்ளே, விரல் பலகைக்கு அடியில் புதைக்கப்பட்ட கம்பிதான் ட்ரஸ் ராட். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ என்பவருக்கு இதற்கான காப்புரிமை 1923-ல் கிடைத்தது. எல்லோரும் உடனே இதைப் பின்பற்றவில்லை. மார்ட்டின் நிறுவனம் 1934 முதல் திருப்ப முடியாத இரும்புப் பட்டையைத்தான் நெக்கில் வைத்தது. திருப்பக்கூடிய ராடுக்கு 1985-ல்தான் மாறியது. அதனால், பழைய மார்ட்டின் கையில் கிடைத்தால் அதில் நட்டைத் தேடுவது வீண் வேலை. நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டார்களில் இழுவிசை ஏறக்குறைய பாதிதான் என்பதால், பெரும்பாலானவற்றில் ட்ரஸ் ராடே இருக்காது.

நெக் நேர்கோடாக இருந்தால் நல்லதுதானே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் கொஞ்சம் வளைவு வேண்டும். இரண்டு பேர் ஸ்கிப்பிங் கயிறு சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் கயிறு அவ்வளவாக அசையாது. நடுவில்தான் அகலமாகச் சுற்றும். மீட்டிய கம்பியும் அதேபோலத்தான். நடுப்பகுதியில் அதற்கு இடம் விடாவிட்டால் ஃப்ரெட்டில் இடித்து இரைச்சல் வரும். அந்த இடத்துக்காக விடும் மெல்லிய வளைவுக்கு ‘ரிலீஃப்’ என்று பெயர். ட்ரஸ் ராடின் வேலை இந்த ரிலீஃபைச் சரிசெய்வது. அவ்வளவுதான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். கம்பியின் உயரத்தை, அதாவது ‘ஆக்‌ஷனை’ ட்ரஸ் ராடை வைத்துக் குறைக்கப் பார்க்கிறார்கள். ராடைத் திருப்பினால் உயரமும் கொஞ்சம் மாறும்தான். ஆனால் அது பக்கவிளைவு. உயரத்தைத் தீர்மானிப்பது பிரிட்ஜில் உள்ள சாடிலும், தலைப்பக்கம் இருக்கும் நட்டும். முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் அழுத்தக் கஷ்டமாக இருக்கிறது, எஃப் கார்டு வரவே மாட்டேங்குது என்றால், பெரும்பாலும் நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைச்சல் என்றால் பக்கத்து ஃப்ரெட் தூக்கியிருக்கலாம். இரண்டுக்கும் ராட் மருந்தில்லை.

சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. காற்றில் ஈரம் ஏறும்போது கிட்டாரின் மேல்பலகை உப்பும். அதோடு பிரிட்ஜும் தூக்கும், கம்பி உயரும். நெக் ஒரு பாவமும் செய்திருக்காது. ஏசி அறையில் ரொம்ப நாள் வைத்திருந்தால் இதற்கு நேர்மாறு: மரம் வற்றி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஏற்றது.

அளந்து பார்ப்பது எப்படி?

முதலில் ட்யூன் செய்ய வேண்டும். தளர்ந்த கம்பியோடு அளந்தால் அளவே பொய். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டில் (பெரும்பாலும் 14-வது) ஆறாவது கம்பியை அழுத்த வேண்டும். இப்போது கம்பி ஒரு ஸ்கேல் மாதிரி நேராக நிற்கும். 6, 7-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ரிலீஃப். 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் பிரச்சினை இல்லை. பைக் மெக்கானிக் டாப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதம். அது இல்லையா? ஏ4 தாள் ஒன்றின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. இரண்டு தாள் சேர்த்து நுழைத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இடைவெளி அதிகமா? ராடை இறுக்க வேண்டும். சுத்தமாக இடைவெளியே இல்லை, முதல் நாலைந்து ஃப்ரெட்டில் இரைச்சல் என்றால் தளர்த்த வேண்டும். திருகும் முனையை நேராகப் பார்த்தபடி கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகும், எதிர்ச்சுற்றில் தளரும். அந்த முனை சில கிட்டார்களில் தலைப்பகுதியில் சின்ன மூடிக்குக் கீழே இருக்கும்; சிலவற்றில் சவுண்ட் ஹோலுக்கு உள்ளே, சாதாரண ஆலன் கீ எட்டாத தூரத்தில். பட்ஜெட் கிட்டார் சிலவற்றில் எங்கு தேடினாலும் இருக்காது.

சாவி அளவில் அலட்சியம் கூடாது. 5 மி.மீ. சாவியும் 3/16 அங்குலச் சாவியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் சரியாகப் பொருந்தாத சாவியால் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அதன்பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று. இறுக்குவதாக இருந்தால் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வது பாதுகாப்பு. பிறகு மறுபடி ட்யூன், மறுபடி அளவு. மரம் உடனே முழுசாக அசையாது. ஒருநாள் விட்டுப் பார்ப்பவர்கள்தான் புத்திசாலிகள். ‘10’ செட் கம்பியிலிருந்து ‘12’ செட்டுக்கு மாறியவர்களுக்கு இழுவிசை கூடியிருக்கும், அவர்கள் கட்டாயம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

நட் அசைய மறுத்தால், ‘கட கட’ என்று சத்தம் வந்தால், அல்லது அரைச் சுற்றுக்கு மேல் போயும் அளவில் மாற்றமே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, கிட்டார் செட்அப் செய்யும் ஆளிடம் கொண்டுபோக வேண்டியதுதான். போகும்போது எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பினோம் என்று மறக்காமல் சொல்ல வேண்டும். பாதி வேலை அதிலேயே மிச்சம்.