வேலியோரத்துப் பூ உயிர் காக்கும், தெரியுமா?

வேலியோரத்திலும் கல்லறைப் பக்கத்திலும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே வருஷம் பூராவும் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, ஆடுகூட வாய் வைக்காத அந்தச் செடிதான் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஏற்றும் மருந்துக்குத் தாய் என்பது தெரியுமா?

அது பிறந்த மண் மடகாஸ்கர். ஜமைக்கா ஜனங்கள் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்து வந்தார்கள். 1952இல் அங்கிருந்து ஒருவர், கனடாவில் இருந்த தன் மருத்துவருக்குக் கொஞ்சம் இலைகளை உறையில் போட்டு அனுப்பினார். மருத்துவரின் தம்பி ராபர்ட் நோபிள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவே இல்லை! ஊசி வழியாகச் செலுத்தியபோது இறங்கியது வெள்ளை அணுக்கள்! அந்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்று? 1958இல் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்து வந்த வின்கிறிஸ்டின்தான் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது. ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்!

ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு உலகம் சுற்றும் இலை ஒன்று உண்டு, தெரியுமா? நிலாவரை! மருந்து நூல்களில் அதற்குப் பெயர் 'திருநெல்வேலி சென்னா'. தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கப்பலேறுகிறது. அதன் சத்தைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் உடைத்து வேலைசெய்ய வைக்கின்றன. அதனால்தான் ராத்திரி விழுங்கினால் காலையில் வயிறு இளகுகிறது.

நம் மாநிலப் பூ செங்காந்தளின் விதையில் இருக்கும் கொல்சிசின், கீல்வாதத்துக்குப் பெயர்போன மருந்து. மூலனூர்ப் பக்கம் விடிகாலையில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள்! ஆனால் அதன் கிழங்கு ஆளையே கொல்லும் விஷம். கைவைத்தியம் என்று யாரும் தொட்டுவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது அகத்தியமலைக் கதைதான். 1987இல் ஆய்வாளர்கள் சிலர் அந்த மலையில் ஏறினார்கள். வழிகாட்டிகளாக முன்னே நடந்தவர்கள் அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது, கால் இழுக்கிறது. வழிகாட்டிகளோ ஏதோ சிறு காயை மென்றபடி களைப்பே தெரியாமல் ஏறுகிறார்கள்! என்ன அது என்று கேட்டால் சொல்ல மறுத்துவிட்டார்கள். அது குடியின் ரகசியம். கெட்டதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செடியைக் காட்டினார்கள். இதய வடிவ இலையோடு நிழலில் தாழ வளரும் ஆரோக்கியப்பச்சை!

கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவில் அதன் இலையோடு வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குப் போனது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் தனி. அதில் சரிபாதி காணிக்காரர்களுக்கு! அதற்காகவே 1997இல் கேரளக் காணிகளின் பெயரில் அறக்கட்டளை பதிவானது. சொல்லிக்கொடுத்தவருக்கும் பங்கு உண்டு என்று உலகமே இதை உதாரணம் காட்டியது. பாட்டிமார் சொன்ன எத்தனை பச்சிலைகளை எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒரு பைசா திரும்பி வந்ததா?

ஆனால் காட்டில் இலை பறிப்பதற்கு வனத்துறை ஒப்பவில்லை. இலை வராமல் மருந்து எப்படி வரும்? காலம் காலமாக அந்தச் செடியோடு வாழ்ந்தவர்களே அதைப் பறிக்க அனுமதிக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. அதே அகத்தியமலையின் இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பாபநாசம் காரையாற்றிலும் பேச்சிப்பாறையிலும் காணிக்குடிகள் இருக்கின்றன. ஜீவனி பணத்துக்கான அறக்கட்டளையோ மலைக்கு அந்தப் பக்கத்துக் காணிகளுக்கானது.