'இன்டென்சிவ் பர்பசஸ்'னு எழுதுறீங்களா? கொஞ்சம் கவனிங்க!

"பழைய ஒப்பந்தம், ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்பசஸ், முடிந்துவிட்டது." அலுவலக மின்னஞ்சலில் இப்படி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், வாய்விட்டுப் படிக்கும்போது சரியாகத்தான் கேட்கும். எழுத்தில் அது தவறு.

சரியான தொடர், 'ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்பசஸ்'.

'இன்டென்ட்' என்றால் எண்ணம். 'பர்பஸ்' என்றால் நோக்கம். பெயரளவில் எப்படி இருந்தாலும் நடைமுறையில் நிலைமை இதுதான் என்று சொல்லவே இந்தத் தொடர். 'இன்டென்சிவ்' என்பதோ தீவிரத்தைக் குறிக்கும். 'எல்லாத் தீவிர நோக்கங்களுக்கும் ஒப்பந்தம் முடிந்தது'னு சொன்னா யாருக்குப் புரியும்?

குழப்பம் காதில் தொடங்குகிறது. வேகமாகப் பேசும்போது 'இன்டென்ட்ஸ் அண்ட்' இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகக் கேட்கும். சாதாரண எழுத்துப்பிழைச் சோதனையும் கைகொடுக்காது. 'இன்டென்சிவ்', 'பர்பசஸ்' இரண்டும் தனித்தனியாகச் சரியான சொற்களாச்சே!

இந்த மாதிரித் தவறுகளுக்கு 'எக்கார்ன்' என்று ஒரு பெயரே உண்டு. ஓக் மரக் கொட்டையான 'ஏகார்ன்' என்பதைச் சிலர் அப்படிக் கேட்டு எழுதியதால் வந்த பெயர். 2003இல் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் பரிந்துரைத்தது.

தொடரின் வேர் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சட்ட மொழியில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் அதில் மூன்று சொற்கள் இருந்தன. நடுவில் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்', அதாவது பொருள்கொள்ளும் விதங்கள். யாரும் ஓட்டை கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சொற்களை அடுக்குவது சட்டக்காரர்களின் பழக்கம். 'டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்' ஞாபகம் வருதா?

சரி, எங்கே பயன்படுத்தலாம்? பெயருக்கும் நிஜத்துக்கும் இடைவெளி இருக்கும்போது. கடையின் உரிமம் இன்னும் இருக்கிறது, பெயர்ப் பலகையும் தொங்குகிறது, ஆனால் ஆறு மாதமாகக் கதவு திறக்கவில்லை. அந்தக் கடை, ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்பசஸ், மூடப்பட்டுவிட்டது. உரிமத்தை அதிகாரபூர்வமாகவே ரத்து செய்துவிட்டார்கள் என்றால் இந்தத் தொடர் தேவையில்லை. மூடப்பட்டது என்றாலே போதும்.

வேலையிடத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். "நீங்கதான், ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்பசஸ், குழுத் தலைவர்" என்று மேலதிகாரி எழுதினால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பொறுப்பு வந்துவிட்டது என்று மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. பதவியும் சம்பளமும் வந்துவிட்டதாக அதில் எங்கும் இல்லை. அதைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டு ஆல்' என்றும், அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஃபார் ஆல்' என்றும் தொடங்குவது வழக்கம். இரண்டுமே சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். நீளமாகத் தோன்றினால் 'இன் எஃபெக்ட்' என்று எழுதலாம். தமிழில் எழுதும்போது நமக்கு 'நடைமுறையில்' என்ற ஒரே சொல் இருக்கிறது.