தமிழ் பில் ஏன் தாமதம்?

புதுச்சத்திரத்தில் எங்களுள் ஒருத்தியின் தந்தை மளிகைக் கடை வைத்திருக்கிறார். அங்கே பில் அடிக்கும் சிறு இயந்திரம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. "இங்கிலீஷிலேயே போட்டுடலாம் கண்ணு" என்றார் அவர். அப்படியானால் கணக்குப் பார்த்துச் சாமான் வாங்கும் ஆயாக்கள் எதைப் படிப்பார்கள்? காரணம் தேடினோம்.

இதற்கு மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத் தாளில், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் சுட்டே எழுதுகிறது. ஆங்கில எழுத்தின் வடிவம் அதன் நினைவில் உண்டு. வரிக்கு 32 எழுத்து, 32 பைட் போதும். தமிழ் வடிவம் இதில் இல்லை. ஆகவே கணினி ஒவ்வொரு வரியையும் படமாக்கி அனுப்புகிறது. அகலம் 384 புள்ளி, உயரம் 24. பெருக்கி 8ஆல் வகுத்தால் 1,152 பைட்! பழைய சீரியல் கம்பியில் வினாடிக்கு 9,600 பிட். தொடக்க, முடிவுக் குறிகளோடு ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆவதால் 960 பைட்தான் செல்லும். 20 வரிக்கு 24 வினாடி. தலைப்பில் கடைச் சின்னம் வேறு!

இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அச்சுத் தலையை ஸ்பிரிட்டால் துடைத்தோம். எழுத்து தெளிந்தது, வேகம் கூடவில்லை. பிறகு கணினியில் வேகத்தை 1,15,200 ஆக்கினோம். புரியாத குறிகளாக வந்து விழுந்தன. (அப்போது நாங்கள் விழித்த விழியைச் சொல்ல வேண்டாம்.) இயந்திரத்திலும் அதே வேகத்தை வைத்ததும் சரியாயிற்று. யு.எஸ்.பி. கம்பி உள்ள கடைக்கு இந்தத் தொல்லை இல்லை.

சின்னத்தையும் எடுத்துவிட்டோம். 24 வினாடி இப்போது 2 வினாடி. மீதி, தாள் நகரும் நேரம். 'துவரம் பருப்பு' என்றே பில் வருகிறது.