திரையில் தமிழ்ப் பத்தியின் ஓரங்கள்

கணினித் திரையில் ஒரு பத்தியின் வரிகளை நான்கு விதமாக அடுக்கலாம்: இட ஓரம் ஒட்டி, வல ஓரம் ஒட்டி, நடுவில், இரு ஓரமும் நேராக. சாளரம், பொத்தான், லேபிள் முதலியவற்றை அமைத்துத் தரும் வரைகலை நிரல் நூலகங்களில் முதல் மூன்றும் பரவலாக உண்டு, நான்காவது அப்படியல்ல. டிகே நூலகத்தின் லேபிளில் அது இல்லை. ஆண்ட்ராய்டில் 2017இல் வந்த 8.0 பதிப்பில்தான் சேர்ந்தது. கியூட் நூலகம் நான்கையும் தருகிறது.

முதல் மூன்றிலும் வரி முழுதாக நகர்கிறது. நான்காவதில் வரியின் உள்ளிடைவெளியே மாறுகிறது. பெட்டியின் அகலம் 400 புள்ளி, ஐந்து சொல் கொண்ட வரியின் அகலம் 376 என்றால் மிச்சம் 24. அதை நான்கு இடைவெளிகளுக்கும் ஆறு ஆறாகப் பகிர வேண்டும். பத்தியின் கடைசி வரி மட்டும் நீட்டப்படாமல் விடப்படும்.

ஜிடிகே நூலகத்தின் லேபிளில் வரி அடுக்கும் இந்த அமைப்பு, வரிகள் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கும் என்பதையே முடிவு செய்கிறது. ஒரே வரியுள்ள லேபிளில் அதனால் எந்த மாற்றமும் வராது. பெட்டிக்குள் எழுத்தை நகர்த்தத் தனி அமைப்பு உண்டு.

தமிழில் விகுதிகள் சேரச் சேரச் சொல் நீளும். “அலோர் காஜா மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்” என்பதைக் கைப்பேசியின் குறுகிய திரையில் இரு ஓரமும் நேராக இட்டால், நீண்ட சொல் அடுத்த வரிக்குத் தாவும். முந்தைய வரியில் பெரும் இடைவெளி விழும். தமிழ் நாளிதழ்கள் சொல்லை எழுத்தின் எல்லையில் முறித்து இதைத் தீர்க்கின்றன. நிரலும் அப்படிச் செய்யலாம். ஆனால் எழுத்தைப் பிளக்கக்கூடாது. “கொ” யுனிகோடில் இரண்டு குறியீடுகள், வாசகருக்கு ஓர் எழுத்து. மெய்யின் மேலுள்ள புள்ளியையும் அதிலிருந்து பிரிக்கக்கூடாது. “அலோர் காஜா” போன்ற ஊர்ப்பெயர் இரு வரியில் சிதறாதிருக்க, நடுவே முறியா இடைவெளியை இடலாம்.

எழுத்துரு மாறினால் கணக்கும் மாறும். மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்து மேக் கணினிகளில் இடம்பெற்ற இணைமதியில் அமையும் வரியின் அகலம் வேறோர் எழுத்துருவில் அப்படியே இராது. எனவே எழுத்துருவை ஏற்றி, கொம்பும் காலும் இடம் சேர்ந்த பிறகே அகலத்தை அளக்க வேண்டும்.

படிவங்களிலும் குறுகிய பெட்டிகளிலும் தமிழுக்கு இட ஓரமே ஏற்றது. எண்கள் கொண்ட நெடுவரிசைகளுக்கு வல ஓரம், தலைப்புக்கு நடு. அகலமான நீள்வாசிப்புப் பக்கத்தில், சொல்முறிப்பும் உடனிருந்தால், இரு ஓரமும் நேரான அமைப்பு நன்றாகப் பொருந்தும்.