தீயில் வைத்தாலும் வெடிக்காத மண் கெட்டில்

டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் எதிரே உள்ள டில்லி ஹாட்டுக்கு நம்மவர் பலர் போயிருப்பீர்கள். 1994-ல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பல மாநிலக் கைவினைஞர்கள் முறை வைத்துக் கடை போடுகிறார்கள். சென்ற மாதம் மணிப்பூர்க் கடை ஒன்றில் கன்னங்கரேலென்று ஒரு டீ கெட்டில் கண்ணில் பட்டது. மூக்கு, மூடி, பிரம்பு சுற்றிய கைப்பிடி. வார்ப்பிரும்பு என்று நினைத்துத் தூக்கினேன். மண்!

விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். "மண் பாத்திரத்துக்கா இவ்வளவு?" என்று வழக்கம்போல் பாதி விலைக்குக் கேட்டேன். கடையிலிருந்த தாங்குல் நாகா பெண்மணி கோபித்துக்கொள்ளவில்லை. பின்புறம் இருந்த சிறிய அடுப்பைக் காட்டினார். அதே மாதிரி கெட்டில் ஒன்றில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

பீங்கான் டீபாட்டில் வெந்நீர் ஊற்றித் தூளை ஊற வைக்கலாமே தவிர, அதை நெருப்பில் ஏற்ற முடியாது. இதுவோ நேரே தீயில் உட்காருகிறது.

கல்லும் மண்ணும்

இதன் பிறப்பிடம் மணிப்பூரின் உக்ருல் மாவட்டத்து லாங்பி கிராமம். அங்கே கிடைக்கும் செர்பன்டைன் என்ற கருங்கல் வகையை இடித்துப் பொடியாக்கி, உளுத்துப்போன பழுப்புக் கல்லின் மண்ணோடு கலந்து பிசைகிறார்கள். அந்தக் கல் துகள்கள்தான் சூட்டில் கீறல் விழுந்து ஓடாமல் தடுக்கின்றன. நம் ஊர்க் குயவர் சமையல் சட்டிக்கு மண்ணோடு மணல் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

சக்கரம் கிடையாது. பிசைந்ததைத் தகடாகத் தட்டி, வளைத்து, அச்சின் துணையோடு கையாலேயே உருவம் கொடுக்கிறார்கள். மூக்கைத் தனியே செய்து ஒட்ட வேண்டும். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து, திறந்த வெளியில் விறகு அடுக்கிச் சுடுகிறார்கள். தணலிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு வகை மரத்தின் இலையால் தேய்க்கிறார்கள். அந்தக் கறுப்பும் மினுமினுப்பும் அப்படி வருவது; பெயிண்ட் அல்ல.

அடுத்தது வழிப்பயணம். இம்பாலுக்கு ரயில் பாதை இன்னும் போட்டு முடியவில்லை. மலைப்பாதையில் லாரியில் வந்து டிமாப்பூரிலோ குவாஹாட்டியிலோ ரயில் ஏற வேண்டும். நான் பார்சல் ஆபீசில் இருந்தவன். 'உடையும் பொருள்' என்று எழுதி ஒட்டிய பெட்டி எப்படி இறங்கும் என்பது எனக்குத் தெரியும். உடைந்து போனதற்கும் சேர்த்துத்தானே முழுசாக வந்தது விலை சொல்ல வேண்டும்? இந்தக் கணக்கு மனதில் ஓடியதும் மேற்கொண்டு பேரம் பேச வாய் வரவில்லை. சொன்ன பணத்தைக் கொடுத்தேன்.

வீட்டில் என் மனைவி, புதுச் சட்டியைப் பழக்குவது போலவே, முதலில் வடிகஞ்சி ஊற்றி ஒரு கொதி விட்டாள். சிறு தீயில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது; ஈர மேடையில் இறக்கவும் கூடாது. டீ சீக்கிரம் ஆறுவதில்லை. கைப்பிடி மட்டும் பிரம்பு என்பதால் பெரிய பர்னரில் வைக்காதீர்கள்.

டில்லி ஹாட்டில் கடைகள் மாறிக்கொண்டே இருக்கும். பாபா கரக் சிங் மார்க் எம்போரியம் வரிசையில் மணிப்பூருக்கும் கடை உண்டு. வாங்குமுன் மூக்கு ஒட்டிய இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னால் தவறில்லை.