வெப்பத்தின் படித்தரங்கள்

வெப்பநிலையை அரபு மொழியில் ‘தரஜத்துல் ஹராரா’ என்பர். ‘தரஜா’ என்பது படி. வெப்பத்தின் படி என்பதே இத்தொடரின் நேர்ப்பொருள். படி என்றதும் இரு வினாக்கள் எழுகின்றன. படிக்கட்டு எங்கே தொடங்குகிறது? ஒரு படியின் உயரம் எவ்வளவு? வெப்ப அளவுகள் யாவும் இவ்விரு வினாக்களுக்குக் கூறப்பட்ட விடைகளே.

வெப்பமானி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே மருத்துவர்கள் இதனைச் சிந்தித்தனர். இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் (கேலன்), கொதிநீரும் பனிக்கட்டியும் சம அளவில் கலந்த நிலையை நடுநிலையாகக் கொண்டு, வெம்மைக்கும் தண்மைக்கும் நான்கு நான்கு படிகள் வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் அல்கிந்தி அப்படிகளுக்குக் கணக்கு அமைத்தார். முதற்படி மருந்தில் வெம்மை தண்மையைப்போல் இருமடங்கு. அடுத்தடுத்த படிகளில் நான்கு, எட்டு, பதினாறு மடங்கு. எனினும் இவை மருந்தின் குணத்தைக் குறித்த படிகள்; கருவியால் அளந்தவை அல்ல.

கருவிக்கு நிலையான புள்ளிகள் வேண்டும். 1724இல் ஃபாரன்ஹீட், பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவைக்கு 0 என்றும், உருகும் பனிக்கு 32 என்றும், மனித உடலுக்கு 96 என்றும் குறித்தார். 1742இல் சுவீடன் நாட்டு வானியலார் செல்சியஸ், நீரின் உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையை நூறாகப் பகுத்தார். வியப்பு என்னவெனில், அவர் கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் வைத்தார்! சில ஆண்டுகளிலேயே அது தலைகீழாக மாற்றப்பட்டது.

நம் நாளேடுகள் ‘வெயில் சதமடித்தது’ என்று எழுதுவது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் அது 37.8 மட்டுமே. செல்சியஸ் வெப்பமானி 39 காட்டும்போது, எண் சிறிதாயிற்றே என்று குழந்தையின் காய்ச்சலை அலட்சியம் செய்தலாகாது. அது ஃபாரன்ஹீட்டில் 102.2 ஆகும்.

செல்சியஸை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட் கிடைக்கும். 1.8 என்பது படியின் உயரத்தையும், 32 என்பது தொடக்கத்தையும் சரிசெய்கிறது. ஆகவே ஏற்றத்தாழ்வை மாற்றும்போது 32ஐக் கூட்டக்கூடாது. புவியின் வெப்பம் 1.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், ஃபாரன்ஹீட்டில் அவ்வுயர்வு 2.7, 34.7 அன்று.

இவ்விரு அளவுகளிலும் சுழியம் மனிதர் தெரிந்தெடுத்த இடமே. எனவே 40 டிகிரி, 20 டிகிரியின் இருமடங்கு வெப்பமாகாது. உண்மையான அடித்தளத்திலிருந்து எண்ணும் அளவை 1848இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) முன்மொழிந்தார். வெப்பநிலை அதற்குமேல் தாழ இயலாத அவ்வெல்லை, செல்சியஸில் சுழியத்துக்குக் கீழே 273.15. அங்கிருந்து எண்ணினால், 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறுவது ஏழு விழுக்காட்டுக்கும் குறைவான உயர்வே.

2019 முதல் கெல்வின் அலகு எப்பொருளின் உருகுநிலையையும் சார்ந்ததன்று. போல்ட்ஸ்மன் மாறிலியின் நிலையான மதிப்பைக் கொண்டு அது வரையறுக்கப்படுகிறது. ஆகவே வெப்பநிலை எண் ஒன்றைக் காணும்போது, அது எந்த அளவைச் சேர்ந்தது, குறிப்பது நிலையையா, உயர்வையா என்று கேட்டறிந்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.